என் வலது தாடையும் என் மகளும்

முகத்துக்கு மஞ்சள் தேய்க்கும்போதுதான் அது விரலில் தட்டுப்பட்டது. வலது காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை. வலிக்காத எதற்கும் எங்கள் வீட்டில் மரியாதை கிடையாது. தூளியில் மகள் சுமதி அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.

இது எழுபதுகளின் நடுவில், ஆரணியில். எனக்கு இருபத்திரண்டு வயது. சுமதிக்கு அப்போதுதான் தலை நின்றிருந்தது.

பல மாதங்கள் அந்த மேட்டை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரும் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. "ஒரே தறியில ஒட்டி உக்காந்துகினு, பொண்டாட்டி மூஞ்சிய பாக்கலியா அந்த ஆளு?" என்பார்கள். தறி தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. நாங்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை நெய்ய ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வார். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவைப் போடுவேன். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவர் பார்த்ததெல்லாம் என் இடது கன்னத்தை. வலது கன்னத்துக்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

முதலில் கவனித்தவர் என் மாமியார். "இன்னாடி, கன்னத்துல கொழுக்கட்டைய அடக்கிகினு இருக்கற மாதிரி இருக்குது?" என்றார். பொன்னுக்கு வீங்கி என்று அவரே தீர்ப்பும் சொன்னார். அந்த வீக்கம் கழுத்தில் தங்கம் போட்டால் வடியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, கன்னத்தில் வேப்பிலையை அரைத்துப் பற்றுப் போட்டார். கல்யாணத்தின்போதுகூட என் கழுத்துக்கு வராத சங்கிலி அது. கொஞ்ச நாள் அதைப் போட்டுக்கொண்டு ராணி மாதிரித் திரிந்தேன். வீக்கம் வடியவில்லை. சங்கிலி மட்டும் பெட்டிக்குத் திரும்பிப் போனது.

பிறகு கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்தது. கடைத்தெருவில் இருந்த பல் டாக்டர் அதைப் பிடுங்கினார். பிடுங்கின குழி ஆறவே இல்லை. அடுத்த பல்லும் ஆடியது. அதையும் பிடுங்கப் போனபோது, குறடைக் கையில் எடுத்தவர் திரும்பக் கீழே வைத்துவிட்டார். "இது பல்லு சமாச்சாரம் இல்லம்மா. எலும்பே உப்பிகினு வருது. ஜல்தியா வேலூர் போயி படம் எடுத்துப் பாருங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கும் காட்டினார். இடது பக்கத்து எலும்பு கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. வலது பக்கத்தில் சோப்பு நுரைதான் இருந்தது. குமிழி குமிழியாக, நடுவில் மெல்லிய கோடுகள். என் எலும்பு எங்கே என்று கேட்க நினைத்தேன்.

வாய்க்குள்ளிருந்து ஒரு சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். (பயாப்ஸி என்பார்கள். கட்டி எந்த வகை என்று அதில்தான் உறுதியாகத் தெரியும்.) முடிவு வந்தபோது அந்தப் பெயரை டாக்டர் இரண்டு முறை சொன்னார். அமெலோபிளாஸ்டோமா. (பல்லுக்கு மேல்பூச்சான எனாமலை உண்டாக்கும் செல்கள் தங்கள் வேலை முடிந்ததும் ஓய்ந்துவிட வேண்டும். சில பேருக்கு அவற்றில் சில ஓயாமல் தாடை எலும்புக்குள்ளேயே கட்டியாக வளரும். அபூர்வமாக வருவது.)

"கேன்சருங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நிலையிலிருந்து கிளம்பும் தேர் மாதிரி அவர் குரல் இழுத்துக்கொண்டு வந்தது.

"கேன்சர் இல்ல. உடம்புல வேற எடத்துக்கு சாதாரணமா பரவாது. ஆனா இருக்கற எடத்துல எலும்ப அரிச்சிகினே போகும். சும்மா சொரண்டி எடுத்தா திரும்ப வர்றதுக்கு ரொம்ப வாய்ப்பு இருக்குது. கட்டி இருக்கற பக்கத்து தாடையோட சேத்து எடுத்துடறதுதான் நல்லது" என்றார் டாக்டர்.

இதில் முதல் இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. கேன்சர் இல்லை. அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அங்கேயே கை எடுத்துக் கும்பிட்டார். ஊருக்குத் திரும்பியதும் என் மாமியார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். மலை போல வந்தது பனி போல விலகிவிட்டது என்று தெருவே சொன்னது. கேன்சர் இல்லாத ஒன்றுக்கு எதற்குத் தாடையை அறுக்க வேண்டும்? சுரண்டினால் போதும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பால் குடிக்கிற பிள்ளை இருந்தாள். ஜல்தியாக வீடு திரும்புகிற வழி எதுவோ அதுதான் எனக்கு நல்ல வழி.

இந்த நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். "கேன்சர் இல்லை" என்று டாக்டர் சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். அதற்கு அடுத்து அவர் சொல்வதையும் உட்கார்ந்து கேளுங்கள்.

சுரண்டும் ஆபரேஷன் சுலபமாகத்தான் முடிந்தது. வாய்க்குள்ளேயே கீறி, குழியைச் சுத்தம் செய்து, மருந்துத் துணியை வைத்து அடைத்தார்கள். சீக்கிரமே நான் தறிக்குத் திரும்பிவிட்டேன். வருஷத்துக்கு ஒரு முறை வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு வருஷம் போனேன். அடுத்த வருஷம் தீபாவளி வேலை. சேலைக்கு ஆள் மேல் ஆள் வந்து நின்றார்கள். பொங்கலுக்குப் பிறகு போகலாம் என்று இருந்தோம். பொங்கலுக்கு முன்பே கன்னம் உப்பிவிட்டது. இந்த முறை சங்கிலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சுமதிக்கு அப்போது மூன்று வயது. வாய் ஓயாமல் பேசுவாள். என் மடியில் உட்கார்ந்துகொண்டு என் மூக்குத்தியைத் திருகி, "அம்மா, இத்த எனுக்கு எப்ப குடுப்ப?" என்று தினமும் கேட்பாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளைச் சந்தவாசல் ஊரில் என் நாத்தனார் கோமளாவிடம் விட்டுவிட்டுப் போனோம். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. "நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க அண்ணி. அத்தகிட்ட அவ இருப்பா" என்றாள். சுமதியும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு டாட்டா காட்டினாள்.

வலது பக்கத்துக் கீழ்த்தாடையை, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டிலிருந்து முகவாய்க்கட்டை வரை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது மூக்கு வழியாக ஒரு குழாய் போயிருந்தது. (வாயில் புண் ஆறும்வரை அதில்தான் சாப்பாடு.) மேல்பல்லையும் மீதியிருந்த கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மிச்சமிருக்கும் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளாமல் இருக்க அப்படிச் செய்வார்களாம். கேழ்வரகுக் கூழை வடிகட்டிக் குழாயில் ஊற்றுவார் என் வீட்டுக்காரர். "சூடு சரியா இருக்குதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். குழாயில் போகும் கூழின் சூடு எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் தலையை ஆட்டுவேன்.

கம்பியைப் பிரித்த பிறகு கண்ணாடி கேட்டேன். நர்ஸம்மா இப்போது வேண்டாம் என்றார். அப்படியானால் முகம் பார்க்கும்படி இல்லை என்று தெரிந்துகொண்டேன். பிறகு பார்த்தபோது அழவில்லை. வலது கன்னம் உள்ளே போய், முகவாய் அந்தப் பக்கமாக விலகி நின்றது. வாய் திறந்தால் கோணும். பேச்சு குழறியது. டாக்டர் ஆறுதலாகத்தான் பேசினார். "இது இப்பிடியே இருந்துடாதும்மா. ஒரு வருஷம் போவட்டும். கட்டி திரும்ப வரலன்னா, விலா எலும்புலேர்ந்து ஒரு துண்டு எடுத்து தாடையில வெப்போம். முகம் ஓரளவுக்கு சரியாயிடும்."

முகம் சரியாகிவிடும். இந்தப் பேச்சை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் பிள்ளையை நான் இழந்தது இதனால்தான்.

வீடு திரும்பிய மறுநாள் கோமளா சுமதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலிருந்தே "அம்மா" என்று ஓடிவந்தாள் என் மகள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. சிரிக்கும்போதுதான் அந்த முகம் முழுதாகக் கோணும். ஓடிவந்தவள் பாதியில் நின்றாள். வீறிட்டு ஒரு சத்தம் போட்டாள். பிறகு கோமளாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டவள் வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. "கொழந்த பயந்துகிச்சி" என்றார்கள். பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அது யாருக்கும் நினைவில்லை. என் மாமியார் கெட்டவரில்லை. என்னை உட்காரவைத்துப் பதமாகத்தான் சொன்னார். "ஒரு வருசம்தான? மூஞ்சி சரியானப்பறம் இட்டுகினு வந்துடலாம். அதுவரைக்கும் கொழந்த உன்ன பாக்காம இருக்கறதுதான் அதுக்கு நல்லது. பயம் தங்கிப்புட்டா பேஜாராயிடும்."

நானும் சரி என்றேன். என் மகள் மறுபடியும் என்னைப் பார்க்கும்போது பழைய முகத்தோடு பார்க்கட்டும் என்ற ஆசை எனக்கே இருந்தது. அவளுக்கும் பழகும், எனக்கும் பழகும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் தறிதான் என்னைக் காப்பாற்றியது. பழைய இடத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு என் இடது கன்னம் மட்டும் தெரியும். அவர் திரும்பிப் பார்த்துப் பேசும்போது அவர் முகத்தில் பயமோ பரிதாபமோ இருக்காது. மாதத்துக்கு ஒரு தடவை சந்தவாசலுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். "இன்னா பண்றா?" என்று கேட்பேன். "உன்ன கேட்டுகினே இருக்கறா" என்பார். சில மாதங்களுக்குப் பிறகு, நான் கேட்டால் "நல்லா இருக்கறா" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி ஒரு வருஷம் கழித்து விலா எலும்பை வைத்துத் தைத்தார்கள். ஒரு வாரம் அழகாக இருந்தேன். வீக்கத்தில் கன்னம் இரண்டும் சமமாகத் தெரிந்தன. பிறகு தையலுக்குள்ளிருந்து சீழ் வந்தது. வைத்த எலும்பு ஒட்டவில்லை. (வெளியிலிருந்து வைக்கும் எலும்பு எல்லோருக்கும் உயிர் பிடிப்பதில்லை. வாயின் எச்சில் பட்டுப் புண் பழுத்தால் எடுத்துவிடத்தான் வேண்டும்.) எடுத்தார்கள். கன்னம் திரும்பவும் உள்ளே போனது. இன்னொரு முறை செய்து பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். சரியான முகம் என்று இனி ஒன்று வரப்போவதில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. வராத ஒன்றுக்காகப் பிள்ளையைக் காக்கவைத்தாயிற்று.

புண் ஆறியதும் நானே சந்தவாசலுக்குப் போனேன். முக்காடு போட்டுக்கொள்ளவில்லை. சுமதிக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். ரெட்டைச் சடையோடு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். இந்த முறை பயப்படவில்லை. உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்துகிறாங்க" என்றாள்.

கோமளா ஓடிவந்தவள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, யாரோ இல்லடி. அம்மாடி. உங்கம்மாடி" என்றாள். பிள்ளையின் முதுகில் கை வைத்து என் பக்கம் தள்ளினாள். "போடி கண்ணு, அம்மாகிட்ட போடி." தள்ளின கை அவள் சட்டையை விடவே இல்லை. கோமளாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சுமதி திரும்பி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நீதான் அம்மா, நீதான் அம்மா" என்று அழுதாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. என் சதை. அவளுக்கு ஆடுவதற்கு என்ன இருந்தது? சாப்பாடு ஊட்டினவள் கோமளா, காய்ச்சலில் விழித்திருந்தவள் கோமளா, சடை பின்னி விட்டவள் கோமளா. இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். சட்டம் என் பக்கம், ஊரும் என் பக்கம். ஆனால் ஒரு தடவை என் முகத்தால் தாயை இழந்த பிள்ளை அது. என் கையாலும் இழக்க வேண்டுமா என்று தோன்றியது. "பரிச்ச முடியட்டும் கோமளா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பரீட்சை முடிந்தது. அதற்கடுத்த பரீட்சையும் முடிந்தது. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது தானாகவே தன்னைச் சரிசெய்துகொண்டது. அத்தையாக இருந்த கோமளா அம்மா ஆனாள். அம்மாவின் அண்ணன் மாமாதானே, அதனால் நைனா என்று அவள் கூப்பிட்ட என் வீட்டுக்காரர் மாமா ஆனார். மாமாவின் பெண்டாட்டி நான். அத்தை ஆனேன். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பெற்றவள் யார் என்பதை அவளிடம் யாரும் மறைக்கவுமில்லை. தெரிந்திருப்பது வேறு, வாயில் வருவது வேறு.

பத்து வருஷம் கழித்தும் இந்தக் கட்டி திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் படம் எடுக்கிறேன். மற்றவர்களுக்குச் சித்திரையில் வருஷம் பிறக்கும். எனக்கு அந்தப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து, "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க" என்று சொல்லும்போது பிறக்கும். நடுவில் இருக்கும் மாதங்கள் கடனாகக் கிடைத்தவை போலக் கழிகின்றன. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிட முடியும். இடது பக்கமாக மெல்வேன். வெற்றிலை போடுவதில்லை. தெருவில் யாராவது கூப்பிட்டால் உடம்பே முழுதாக இடப்பக்கம் காட்டித் திரும்பிக்கொள்கிறது. நான் திருப்புவதில்லை.

சுமதி இப்போது பெரிய பெண். பள்ளிக்கூட லீவுக்கு வந்து எங்களோடு சில நாள் இருப்பாள். மரியாதையான பெண். என்னிடம் 'நீங்க' என்றுதான் பேசுவாள். கோமளாவிடம் "போம்மா, உனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்துகிறாள், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கிறாள். என்னிடம் சண்டையே போடுவதில்லை. அவள் ஒரு நாளாவது என்னிடம் கத்த மாட்டாளா என்று இருக்கும்.

போன லீவில் ஒரு மத்தியானம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நடுவில் நிறுத்தினாள்.

"அத்தே, சோறு ஒட்டிகினு இருக்குதுங்க."

எனக்கு அது தெரியாது. தாடையை எடுத்தபோது அதற்குள்ளே ஓடும் நரம்பும் போய்விட்டது. வலது பக்கத்து உதட்டிலும் முகவாயிலும் எனக்கு உணர்ச்சி இல்லை. எது பட்டாலும், எது வழிந்தாலும் யாராவது சொன்னால்தான் உண்டு. நான் முந்தானையைத் தேடுவதற்குள் அவள் எட்டி, இடது கையால் அந்தச் சோற்றை எடுத்துவிட்டாள். எடுத்த இடத்தை விரலால் ஒரு தடவை துடைத்தும்விட்டாள்.

மூக்குத்தியைத் திருகிய நாட்களுக்குப் பிறகு அவளாக என் முகத்தைத் தொட்டது அன்றுதான். அவள் விரல் வந்ததைப் பார்த்தேன். போனதைப் பார்த்தேன். அது சூடாக இருந்ததா, ஈரமாக இருந்ததா, மெதுவாகத் தொட்டாளா அழுத்தித் தொட்டாளா, எதுவும் எனக்குத் தெரியாது.

முகத்தைத் திருப்பி, தொட்டால் தெரியும் இடது கன்னத்தை அவளுக்குக் காட்டினேன். "இந்த பக்கமும் ஒட்டிகினு இருக்குதான்னு பாரும்மா" என்றேன்.

அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"இல்லீங்க அத்தே. இந்த பக்கம் சுத்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.